பெட்டி மியூசியம், லெவல் கிராஸ்: முதலில் கொட்டகையைப் பாருங்கள்

வட கரோலினாவில் இருப்பவர்களும், பிள்ளைகளோடு சில மாதம் தங்கிப்போக ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும் வீட்டுக்காரர்களும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி லெவல் கிராஸுக்குப் போய் வாருங்கள். கார் பந்தயத்தை ஒருநாளும் பார்த்திராதவர்களும் போகலாம். ரிச்சர்ட் பெட்டி என்ற பந்தய ஓட்டுநரின் பெயரில் அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது. நான் பார்த்த மியூசியங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று. அதற்குக் காரணம் கோப்பைகளோ பளபளக்கும் கார்களோ இல்லை. இது அந்தக் குடும்பம் வேலை செய்த அதே இடம். நகரத்து நடுவில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, எங்கிருந்தோ சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கியதில்லை. பெட்டி குடும்பத்தின் வீடும் பட்டறையும் எங்கே இருந்தனவோ, அங்கேயே மியூசியமும் இருக்கிறது.

கிரீன்ஸ்பரோவிலிருந்து 73ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் அரை மணிக்குள் லெவல் கிராஸ் வந்துவிடும். ஷார்லட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய ஊரெல்லாம் இல்லை. ரோட்டோரம் வயல், மரங்கள், தள்ளித் தள்ளி வீடுகள். பிரான்சன் மில் ரோட்டில் திரும்பியதும் இங்கேயா அவ்வளவு பெரிய பந்தயக் கம்பெனி இருந்தது என்று சந்தேகம் வரும். அங்கேதான் இருந்தது. 1949லிருந்து பல பத்தாண்டுகள் பெட்டி என்டர்பிரைசஸின் கார்கள் இந்த ரோட்டிலிருந்துதான் கிளம்பிப் போயின.

எங்களோடு மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மால், பூங்கா என்று எங்கே அழைத்துப்போனாலும் கால் மணி நேரத்தில் உட்கார பெஞ்ச் தேடுவார். இங்கே அவரைத்தான் நாங்கள் தேடவேண்டியிருந்தது.

ஸ்டாக் கார் பந்தயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் விற்கும் காரைப் போன்ற காரையே வட்டப் பாதையில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓட்டுகிற பந்தயம் இது. இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948ல் தொடங்கியது. அதன் முதல் பெரிய பந்தயம் 1949 ஜூன் 19 அன்று ஷார்லட்டில் ஒரு மண் பாதையில் நடந்தது. கடையில் வாங்கிய கார் எப்படி இருந்ததோ அப்படியே ஓட்டவேண்டும் என்பதுதான் விதி. அன்று முதலில் வந்த க்ளென் டனவே காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் மாற்றம் செய்திருந்தது தெரிந்துவிட்டது. அது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட கார். பாரம் ஏற்றினாலும் தாழாமல் இருக்க ஸ்பிரிங்கை அப்படிச் செய்திருந்தார்கள். அவரைத் தகுதிநீக்கம் செய்து, கன்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

அதே பந்தயத்தில் ஓடியவர்தான் ரிச்சர்டின் அப்பா லீ பெட்டி. அப்போது அவருக்கு 35 வயது. சொந்தக் காரில்கூட ஓடவில்லை; தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிய பியூக் ரோட்மாஸ்டரில், வீட்டிலிருந்து அதையே ஓட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போனார். அந்தக் கனமான கார் திருப்பத்தில் உருண்டு நொறுங்கியது. 11 வயது ரிச்சர்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வீடு திரும்பியது. இரவல் காரை நொறுக்கிவிட்டு அதன் சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? வேறொருவராக இருந்தால் பந்தயமே வேண்டாமென்று விட்டிருப்பார். லீ யோசித்தது வேறு. கனமான கார் மண் பாதையில் டயரைத் தின்னும், திருப்பத்தில் கவிழும். எடை குறைந்த கார் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் கடைசிவரை ஓடும். அடுத்ததாக அவர் வாங்கியது சின்ன பிளிமத் கூப். அதே வருடம் அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹைடல்பர்க்கில் முதல் வெற்றி கிடைத்தது.

உள்ளே போனதும் எல்லோரும் நீல நிறக் கார்களை நோக்கித்தான் ஓடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் லீ பெட்டியின் பழைய வீட்டையும் பக்கத்திலிருக்கும் கொட்டகையையும் பாருங்கள். அறுவடை இயந்திரம் நிறுத்தி வைத்திருந்த மரக் கொட்டகை அது. 1949ல் பட்டறை தொடங்கியது அதற்குள்தான். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பிறகு பார்க்கிற ஒவ்வொரு காரும் வேறு மாதிரித் தெரியும். வரிசை மாறினால் வெறும் கார் கண்காட்சியாகப் போய்விடும். மாமா கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றார். கூரை உயரத்தைப் பார்த்தார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்.

"ஒரு காரை நிறுத்தினா சுத்திப் போகக்கூட எடம் பத்தாது கண்ணு. இதுக்குள்ளயா இஞ்சின் எறக்குனாங்க?"

"ஆமாங்க மாமா. பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல் விட்டு வந்து இங்கேதான் வேலை செஞ்சாங்களாம்."

இந்தக் குடும்பத்தின் பலமே அதுதான். ரிச்சர்டும் தம்பி மாரிஸும் உறவுக்காரரான டேல் இன்மனும் சிறுவர்களாக இங்கே டயர் மாற்றி, கிரீஸ் போட்டு, உதிரிபாகம் கழுவி வளர்ந்தவர்கள். பின்னாளில் மாரிஸ் இஞ்சின் கட்டினார், டேல் இன்மன் அணித் தலைவராக நின்றார், ரிச்சர்ட் ஓட்டினார். அம்மா எலிசபெத் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டார். லீக்கு பந்தயம் பொழுதுபோக்கு இல்லை. பரிசுப் பணத்தில்தான் அடுப்பெரிந்தது. காரை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதில் அவர் அவ்வளவு கறாராக இருந்ததற்கு அதுதான் காரணம். 1954, 1958, 1959 என்று மூன்று முறை சாம்பியன் ஆனார்.

ரிச்சர்ட் 18 வயதில் தானும் ஓட்டுகிறேன் என்று கேட்டார். 21 வயது ஆகட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் அப்பா. சாம்பியனின் மகன், வீட்டிலேயே பட்டறை, கைவசம் கார்கள். ஆனாலும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று வருடமும் அப்பாவின் காருக்குக் கீழே படுத்து வேலை செய்தார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பின்னால் வந்த வெற்றிகளைவிட இந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் நான் நிறைய யோசித்தேன். ஒரு கார் எங்கே உடையும், எந்தச் சத்தம் வந்தால் எதைப் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் முன்பே அவருக்கு அத்துப்படியாகிவிட்டது.

1958 ஜூலை 2 அன்று 21 முடிந்தது. மறுபடி கேட்டார். மூலையில் கிடந்த 1957 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் ஒன்றைக் காட்டி, அதைச் சரிசெய்து எடுத்துக்கொள் என்றார் லீ. இந்தக் கதையைச் சொன்னதும் மாமா என்னை நிறுத்தினார்.

"புதுக் கார் குடுத்தானா, கழிச்சுப் போட்டதக் குடுத்தானா?"

"கழிச்சுப் போட்டதுதானுங்க மாமா."

"அதாஞ் சரி."

ஜூலை 12 அன்று தென் கரோலினாவின் கொலம்பியாவில், திறந்த கூரைக் கார்களுக்கான பந்தயத்தில் ரிச்சர்ட் முதல்முறை ஓடினார். அன்று அப்பா கூட இல்லை. டேல் இன்மனோடு போய் ஆறாவது இடத்தில் முடித்தார். அதற்கு ஆறு நாள் கழித்து, கனடாவின் டொரன்டோவில் பெரிய பிரிவில் முதல் பந்தயம். குறுகிய பாதை. லீ முதலிடத்துக்காக விரட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த மகன் வழியில் நின்றார். அப்பா இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். ரிச்சர்டின் கார் வேலியில் மோதியது. 19 பேரில் 17வது இடம். ஜெயித்தவர் லீ பெட்டி.

அடுத்த வருடம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1959 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனாவில் இரண்டரை மைல் நீளத்துக்குப் புதுப் பாதை திறந்தார்கள். திருப்பங்களில் 31 டிகிரி சாய்வு. மண் பாதையில் ஓடிப் பழகியவர்களுக்கு அது வேறு உலகம். முதல் டேடோனா 500 பந்தயத்தில் லீயும் ஜானி போஷாம்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினார்கள். பக்கத்திலேயே ஒரு சுற்றுப் பின்தங்கிய ஜோ வெதர்லியின் காரும் வந்ததால் குழப்பம் கூடியது. முதலில் போஷாம்ப் ஜெயித்ததாக அறிவித்தார்கள். புகைப்படங்களையும் படச்சுருளையும் பார்த்து, 61 மணி நேரம் கழித்து லீதான் வென்றார் என்று திருத்தினார்கள். ரிச்சர்டும் அன்று ஓடினார். இஞ்சின் போய்விட்டது, 57வது இடம்.

அப்புறம் ஜூன் 14, அட்லான்டாவின் லேக்வுட் பாதை. கொடி ரிச்சர்டுக்கு விழுந்தது. வாழ்க்கையின் முதல் வெற்றி. கார்களை எண்ணியதில் தவறு இருக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தவர் இரண்டாவதாக வந்த லீ பெட்டி! சுற்றுக் கணக்கை மறுபடி சரிபார்த்தார்கள். புகார் சரிதான். வெற்றி அப்பாவுக்குப் போனது, ரிச்சர்ட் இரண்டாவது ஆனார். லீ ஓட்டியது அந்த வருட மாடல் பிளிமத். புது மாடலில் ஜெயித்தால் கூடுதல் தொகை உண்டு. ஆகவே குடும்பத்துக்கு லாபம் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பணக் கணக்கைவிட, சுற்று எண்ணிக்கை தவறு என்றால் தவறுதான், யார் பெற்ற வெற்றியாக இருந்தாலும் திருத்தவேண்டும் என்று அவர் நின்றதுதான் பெரிதாகப் படுகிறது. அதில் அன்பு குறைவு என்று நான் நினைக்கவில்லை. ரிச்சர்டும் பின்னாளில் அப்பாவைப் பற்றிக் கசப்போடு பேசித் திரிந்தவர் இல்லை. அத்தைக்கு இது ஒப்பவில்லை. "பெத்த புள்ளைக்கு ஒரு தடவ விட்டுக்குடுத்தா என்ன?" என்று கார் நிறுத்துமிடம்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வருடத்தின் சிறந்த அறிமுக ஓட்டுநர் விருது ரிச்சர்டுக்குக் கிடைத்தது. பெரிய பிரிவில் உண்மையான முதல் வெற்றி 1960 பிப்ரவரி 28 அன்று ஷார்லட்டின் பொருட்காட்சி மைதானத்து மண் பாதையில். அங்கே முன்னிலையில் இருந்தவர் ரெக்ஸ் வைட். கடைசிக் கட்டத்தில் அவரை முட்டி ஒதுக்கியவர் லீ. அந்த இடைவெளியில் ரிச்சர்ட் முந்தினார். டொரன்டோவையும் லேக்வுட்டையும் சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த வருடப் புள்ளிப் பட்டியலில் ரெக்ஸ் வைட் சாம்பியன், ரிச்சர்ட் இரண்டாமிடம்.

1961 பிப்ரவரியில் டேடோனாவில் ஒரே நாளில் இரண்டு தகுதிப் போட்டிகள். முதலாவதில் ரிச்சர்டின் கார் தடுப்பைத் தாண்டி வெளியே விழுந்தது. பெரிய காயமில்லாமல் தப்பினார். இரண்டாவதில் லீயும் அதே ஜானி போஷாம்பும் மோதிக்கொண்டு பாதைக்கு வெளியே பறந்தார்கள். லீயின் நுரையீரலில் காயம், கால் நொறுங்கியது, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அதன்பின் அவர் எப்போதாவது சில பந்தயங்களில்தான் ஓடினார். பட்டறை முழுவதும் 23 வயது ரிச்சர்ட், அவரைவிடச் சின்னவரான மாரிஸ், டேல் இன்மன் ஆகியோர் தலையில் விழுந்தது. மியூசியத்தில் லீயின் காலத்தையும் ரிச்சர்டின் காலத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இந்த ஒரு நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சொன்னதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அந்த வாரத்தோடு முதலாளிகள் ஆனார்கள்.

அதற்குப் பின்னால் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964ல் ஹெமி என்ற சக்திவாய்ந்த இஞ்சின் பூட்டிய பிளிமத்தில் டேடோனா 500ஐ வென்றார். 200 சுற்றில் 184 சுற்று அவரே முன்னால் இருந்தார். அந்த வருடமே முதல் சாம்பியன் பட்டம். 1965ல் நாஸ்கார் ஹெமியைத் தடுத்ததால் விலகி, நேர்க்கோட்டுப் பந்தயங்களுக்குப் போனார். ஜார்ஜியாவில் அப்படி ஒரு பந்தயத்தில் அவருடைய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து சின்னப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிடக்கூடாது. 1967ல் ஒரே வருடத்தில் 27 வெற்றி, அதில் 10 தொடர்ச்சியாக. மொத்தம் 7 சாம்பியன் பட்டம், 200 வெற்றி. அவருக்கு அடுத்தபடியாக டேவிட் பியர்சனுக்கு 105. 200வது வெற்றி 1984 ஜூலை 4 அன்று டேடோனாவில், அதிபர் ரீகன் பார்த்துக்கொண்டிருக்க. அந்தக் காரை இங்கே தேடாதீர்கள். அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்திடம் போய்விட்டது.

கார்களுக்கு வருகிறேன். லீ, ரிச்சர்ட், ரிச்சர்டின் மகன் கைல், பேரன் ஆடம் என்று நாலு தலைமுறையின் கார்கள். அப்பாவின் எண் 42, அடுத்த எண்ணான 43ஐ ரிச்சர்ட் எடுத்துக்கொண்டார். அந்த வெளிர் நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வெள்ளையும் போதவில்லை, நீலமும் போதவில்லை. இரண்டையும் கலந்து அடித்தார்கள். வந்த நிறம் நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டார்கள். 1972ல் எஸ்டிபி நிறுவனம் விளம்பரம் கொடுக்க வந்து முழுக் காரும் தங்கள் சிவப்பில் இருக்கவேண்டும் என்றது. ரிச்சர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. நீலம் பாதி சிவப்பு பாதி என்று முடிவானது. இன்றைக்கும் ரசிகர்கள் அந்த இரட்டை நிறத்தைப் பார்த்ததுமே அடையாளம் சொல்வார்கள்.

ஓட்டுநர் பக்கத்து ஜன்னலைக் கவனியுங்கள். பிந்தைய காலத்துக் கார்களில் அங்கே பட்டை நாடாவால் பின்னிய வலை கட்டியிருக்கும், பழைய கார்களில் இருக்காது. 1970 மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்டின் கார் பல குட்டிக்கரணம் அடித்தபோது அவருடைய கையும் தலையும் ஜன்னலுக்கு வெளியே ஆடின. பார்த்தவர்கள் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். தோள்பட்டைக் காயத்தோடு பிழைத்தார். அதன்பிறகுதான் வலை கட்டாயமானது. மாமா அந்த வலைக்கு முன்னால் குனிந்து, கொக்கி எந்தப் பக்கம், அடிபட்டவனை வெளியே எடுக்கும்போது எப்படி அவிழ்ப்பார்கள் என்று பார்த்தார். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அதைக் கவனித்து, வந்து கையாலேயே அவிழ்க்கும் விதத்தைச் செய்து காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறைதான். ஆனாலும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆடமின் காருக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 2000 ஏப்ரலில் லீ இறந்தார். அடுத்த மாதம் 12ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சியின்போது ஆடம் இறந்தார், வயது 19. நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு முகாம் வேண்டும் என்பது ஆடமின் ஆசை. குடும்பம் பக்கத்திலேயே நிலம் கொடுத்து விக்டரி ஜங்ஷன் என்ற முகாமை 2004ல் திறந்தது. இன்றும் நடக்கிறது.

இன்னொரு பகுதி முழுக்க சேகரிப்புகள். பெல்ட் பக்கிள்கள், கத்திகள், துப்பாக்கிகள், ரிச்சர்டின் மனைவி லின்டா சேர்த்த பொம்மைகள், 1992ல் கிடைத்த அதிபரின் சுதந்திரப் பதக்கம். பதக்கத்தைப் பார்த்துவிட்டு நான் வேகமாக நடந்துவிட்டேன். அத்தை பொம்மைகளிடம் நின்றுவிட்டார். ஆகவே காரில் மனம் போகாதவர்களுக்கும் இங்கே நேரம் போகும். அவருடைய கையெழுத்து இருக்கும் பொருட்களையும் பாருங்கள். அவசரமாகக் கிறுக்கியதாக ஒன்றுகூட இருக்காது. முழுப் பெயரையும் சுழித்துச் சுழித்துப் படிக்கும்படி எழுதுவார். காசு கொடுத்துப் பார்க்க வருகிற ரசிகனால்தான் தன் பிழைப்பு நடக்கிறது என்று வரிசையின் கடைசி ஆள் வரை நின்று கையெழுத்துப் போட்டவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும், பட்டறைக்காரர் யாராவது கூட வந்தால் மூன்று. சாப்பாட்டுக்கு ராண்டில்மனுக்கோ கிரீன்ஸ்பரோவுக்கோ போகவேண்டும். நாங்கள் கட்டுச்சோறு கொண்டுபோனோம். சின்னக் குழந்தைகள் இருந்தால் தெற்கே ஆஷ்பரோவில் மாநில மிருகக்காட்சி சாலை இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், அங்கே நிறைய நடக்கவேண்டும். அதே வளாகத்தில் பெட்டிஸ் கராஜ் என்று இப்போதும் கார்களை மெருகேற்றித் தரும் பட்டறை நடக்கிறது. கடையில் 43ஆம் எண் பொம்மைக் கார்கள் கிடைக்கும். ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் முழு நீலத்தை வாங்குங்கள். சிவப்பு கலந்தது 1972க்குப் பிறகு வந்தது, கொட்டகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பழைய நீலம்தான் பொருந்தும்.